அண்ணனுக்கு சம்மன் வந்திருக்கிறது. "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு" என்கிறார்கள், கட்டிவிடலாமா?

கொழுந்து_கோத்தகிரி:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. அண்ணன் பிக்கப் ஓட்டுகிறார். எங்கள் கொழுந்தையும் அக்கம்பக்கத்தாருடையதையும் ஃபேக்டரிக்கு ஏற்றிப் போவதுதான் பிழைப்பு.

போன மழையில் வண்டி நிறுத்துகிற இடத்தை வைத்துப் பக்கத்துத் தோட்டக்காரரோடு தகராறு. அவர் சாவியைப் பிடுங்க வந்தார், அண்ணன் தள்ளிவிட்டார், அவர் சரிவில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். அண்ணனுக்கும் உதடு கிழிந்தது. ஆனால் அவர் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். மறுநாள் போன எங்களுக்குப் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கிடைத்தது.

அப்புறம் அண்ணன் போனுக்கு வாட்ஸ்அப்பில் "விசாரணைக்கு ஆஜராகவும்" என்று ஒரு நோட்டீஸ். போனார். சாயங்காலம் வரை உட்கார வைத்து, இரண்டு தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். கைது என்று எதுவும் இல்லை. அந்தத் தாளில் என்ன இருந்தது என்று அவர் படிக்கவும் இல்லை, யாரும் படித்துக் காட்டவும் இல்லை. எந்த ஸ்டேஷன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

இப்போது கோர்ட்டிலிருந்து சம்மன். பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 296(பி), 115(2), 126(2) என்று போட்டிருக்கிறது. ஊரில் எல்லாரும் ஒரே பேச்சு: "சின்ன கேஸ், போய் ஒத்துக்கோ, ஃபைன் கட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்." அண்ணனும் அதற்குத் தயார். கொழுந்து நேரத்தில் வாய்தா வாய்தாவாக யார் அலைவது என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அவர் துபாயில் டிரைவர் வேலைக்கு முயற்சி செய்கிறார், இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை. ஒத்துக்கொண்டால் அது பின்னால் இடிக்குமா? வக்கீல் வைத்தே ஆக வேண்டுமா? கேஸ் பேப்பரைக் கேட்டால் கொடுப்பார்களா? இதில் அம்மாவையும் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்குக் கூட்டிவா என்று அப்போது சொன்னார்கள். நாங்கள் கூட்டிப் போகவில்லை. அது தப்பா?


ஊட்டிடாக்ஸி:

தம்பி, ரொம்ப யோசிக்காதே. நானும் கட்டியிருக்கிறேன், என் தம்பியும் கட்டியிருக்கிறான். பேரைக் கூப்பிடுவார்கள், கூண்டில் ஏறு, கையைக் கட்டிக்கொண்டு "ஒத்துக்கறேன்"னு சொல், கவுண்டரில் பணத்தைக் கட்டு, ரசீதை வாங்கிக்கொண்டு வா. வக்கீல் வைத்தால் ஃபைனைவிட ஃபீஸ் ஜாஸ்தி. நாலு வருஷம் நடந்து விடுதலை வாங்கி என்ன செய்யப் போகிறாய்? சீசன் நேரத்தில் ஒரு நாள் வண்டி நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று எனக்குத் தெரியும்.


பழையகட்டு:

மலையில் ஒரு கிரிமினல் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். வக்கீல் இல்லை. ஆனால் டபேதார் பேரைக் கூப்பிட்டதும் ஆட்கள் கூண்டேறி என்ன கேள்வி என்று காதில் வாங்காமலே "ஆமாங்கய்யா" என்று சொல்வதை மேசைக்குப் பின்னாலிருந்து வருஷக்கணக்காகப் பார்த்தவன். டாக்ஸிக்காரர் அதைச் சரியாகவே வர்ணித்திருக்கிறார். அவர் விட்டுவிட்டது அந்த "ஆமாங்கய்யா"வுக்குப் பிறகு நான் வழக்குக் கட்டில் எழுதுவதை. "எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டார், குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டு" என்று ஆரம்பிக்கும். எதிரி என்றால் கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர். ரசீதில் வெறும் தொகைதான் இருக்கும். தீர்ப்பில் தண்டனை இருக்கும்.

முதலில் பிரிவுகள். 115(2) சாதாரணக் காயம், ஒரு வருஷம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 126(2) வழிமறித்தல், ஒரு மாதம் அல்லது 5,000. 296(பி) பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவது, மூன்று மாதம் அல்லது 1,000. பழைய சட்டத்தில் இவை 323, 341, 294(பி). 2024 ஜூலை 1 முதல் நம்பர் மாறிவிட்டது, கோர்ட் வராந்தாவில் இன்னும் பழைய நம்பரில்தான் பேசுவார்கள், குழம்ப வேண்டாம். மூன்றுமே ஜாமீனில் விடக்கூடியவை. அதாவது ஜாமீன் உங்கள் உரிமை, யாருடைய தயவும் தேவையில்லை.

கெட்ட வார்த்தைப் பிரிவு இந்த மாதிரி தள்ளுமுள்ளு கேஸில் ஏன் எப்போதும் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பலர் கேட்பார்கள். வெறும் 115(2) மட்டும் இருந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. கூடவே 296ஓ 126ஓ சேர்ந்தால் முடியும். இதை உங்கள் கேஸைப் பற்றிய குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, சட்டம் அப்படி அமைந்திருக்கிறது. ஆனால் வெறும் வசவு மட்டும் அந்தப் பிரிவுக்குப் போதாது என்று 2022ல் உச்ச நீதிமன்றம், அதுவும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே, சொல்லியிருக்கிறது. புகாரில் என்ன வார்த்தை பேசியதாக எழுதியிருக்கிறது, யார் காதில் விழுந்ததாக எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் அதை எதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்?

அதைப் பார்க்கத்தான் பேப்பர். கேட்டால் கொடுப்பார்களா என்றீர்கள். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 230ன்படி எஃப்.ஐ.ஆர்., சாட்சி வாக்குமூலங்கள், குற்றப்பத்திரிகை எல்லாவற்றின் நகலும் எதிரிக்கு இலவசமாகக் கொடுத்தாக வேண்டும், ஆஜரான 14 நாளுக்குள். கூண்டில் ஏறியதும் அண்ணன் சொல்ல வேண்டியது ஒரே வரி: "ஐயா, எனக்கு இன்னும் நகல் கிடைக்கவில்லை, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்." மாஜிஸ்திரேட் பெண்ணாக இருந்தால் "ஐயா"வுக்குப் பதில் "அம்மா". இதற்கு எந்த மாஜிஸ்திரேட்டும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

எஃப்.ஐ.ஆர். அதற்கு முன்பே கிடைக்கும். 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும், மலைப்பகுதி மாதிரி நெட்வொர்க் சிரமமான இடமென்றால் அதிகபட்சம் 72 மணி நேரம் என்று 2016லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு. தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் ஸ்டேஷனையும் எண்ணையும் போட்டால் வரும்.

நகல் வந்ததும் முதலில் பிரிக்க வேண்டியது ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரியில் காயத்தைப் பதிந்த சீட்டு. எத்தனை மணிக்குப் போனார், யார் அடித்தார் என்று டாக்டரிடம் சொன்னார், எத்தனை பேர் என்று சொன்னார் எல்லாம் அதில் இருக்கும். "தெரிந்த ஒரு நபர் கையால் தள்ளியதாக" என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பார், ராத்திரி ஸ்டேஷன் புகாரில் கட்டை முளைத்திருக்கும். கேஸ் நிற்பதும் விழுவதும் பல நேரம் அந்த ஒரு சீட்டில்தான். உங்கள் அண்ணன் உதட்டுக்கு வைத்தியம் பார்த்திருந்தால் அந்தச் சீட்டும் முக்கியம், தேடி வையுங்கள்.

ஸ்டேஷனில் போட்ட கையெழுத்து: போலீசிடம் கொடுக்கும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது. குற்றத்தை ஒத்துக்கொண்டதாகப் போலீஸ் எழுதி வைத்தாலும் கோர்ட்டில் அது எடுபடாது, புதிய சாட்சிய சட்டம் 23ஆம் பிரிவு. அவர் போட்டது அநேகமாக நோட்டீஸ் பெற்றுக்கொண்டதற்கும் கூப்பிட்டால் வருகிறேன் என்பதற்குமாக இருக்கும். அந்த நோட்டீஸையும் (பி.என்.எஸ்.எஸ். 35(3)) வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, நேரில்தான் தர வேண்டும். ஆனாலும் அண்ணன் போனது நல்லதே. விசாரணைக்கு ஒத்துழைத்தார் என்றாகிவிட்டது.

அம்மாவைக் கூட்டிப் போகாததில் தப்பே இல்லை. சாட்சியாக விசாரிக்கப் பெண்களையும், 60 வயது தாண்டியவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. அவர்கள்தான் வீட்டுக்கு வந்து கேட்டுக்கொள்ள வேண்டும். பி.என்.எஸ்.எஸ். 179ஆம் பிரிவு.

ஒன்று கேட்கிறேன், சம்மனில் வழக்கு எண் சி.சி. என்று இருக்கிறதா, எஸ்.டி.சி. என்றா?


கொழுந்து_கோத்தகிரி:

ஐயா, எஸ்.டி.சி. என்றுதான் இருக்கிறது. உதட்டுக்கு ஒரு தனியார் கிளினிக்கில் தையல் போட்டோம், சீட்டு அம்மாவின் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. பாஸ்போர்ட் விஷயமும் கொஞ்சம் சொல்லுங்கள்.


பழையகட்டு:

எஸ்.டி.சி. என்றால் சுருக்க விசாரணை. அதில் மூன்று மாதத்துக்கு மேல் சிறை கொடுக்க முடியாது. கட்டு மெலிசாக இருக்கும், வேகமாக ஓடும். "ஒத்துக்கிறியா?" என்ற கேள்வியும் அங்கே கொஞ்சம் வேகமாகவே வரும். குற்றச்சாட்டின் சாரத்தை மாஜிஸ்திரேட் சொல்லிவிட்டுத்தான் அதைக் கேட்க வேண்டும். புரியவில்லை என்றால் "திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். குற்றச்சாட்டில் அடிப்படையே இல்லை என்று தோன்றினால் அந்தக் கட்டத்திலேயே விடுவிக்கவும் புதிய சட்டத்தின் 274ல் இடம் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துச் சொல்ல வக்கீல் வேண்டும்.

பாஸ்போர்ட். ஃபைன் கட்டினாலே பாஸ்போர்ட் போச்சு என்று பயமுறுத்துவார்கள், அப்படி இல்லை. தண்டனையைக் காரணம் காட்டிப் பாஸ்போர்ட்டை மறுக்க, ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டு வருஷமாவது சிறை விதித்திருக்க வேண்டும், அதுவும் கடந்த ஐந்து வருஷத்துக்குள். சொல்லப்போனால் கேஸ் நிலுவையில் இருக்கும்போதுதான் உடனடித் தடை. அப்போதும் அதே கோர்ட்டில் மனு போட்டு அனுமதி உத்தரவு வாங்கி விண்ணப்பத்தோடு வைத்தால் கொடுப்பார்கள். ஆனால் துபாய்க்காரர்கள் போலீஸ் கிளியரன்ஸ் கேட்பார்களே, அங்கே "தண்டனை உண்டா" என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்? பாஸ்போர்ட் கிடைத்து வேலை கிடைக்காமல் போவது அந்த இடத்தில்தான். இதைத் தெரிந்துகொண்டு அவர் ஒத்துக்கொண்டால் அது அவர் இஷ்டம்.

ஒத்துக்கொள்வதென்றே முடிவானாலும் ஒரு வழி இருக்கிறது, இதைக் கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு. 1958ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டம். முதல் தடவை, இரண்டு வருஷத்துக்கு மிகாத குற்றம் என்றால் தண்டிக்காமல் எச்சரித்து விடும்படி கேட்கலாம். கொடுப்பது மாஜிஸ்திரேட்டின் விருப்பம். கிடைத்தால், தண்டனையால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு எதுவும் அவரை ஒட்டாது. கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் தானாகக் கொடுப்பதில்லை. வெறும் ஃபைன் ரசீதோடு இறங்கி வந்துவிடுவார்கள்.


தேவாலாமழை:

தம்பி, நான் கூடலூர் பக்கம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராகப் போய்வருகிறேன். வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து ஒத்துக்கொள்ள வேண்டாம். இலவச வக்கீல் உண்டு. ஊட்டியில் மாவட்ட ஆணைக்குழு, தாலுகாவில் கோர்ட் இருக்கும் இடத்திலேயே வட்டக் குழு. 15100க்குப் போன் பண்ணினாலும் சொல்வார்கள். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., எஸ்டேட் மாதிரி தொழிற்கூடத்தில் வேலை செய்கிறவர்கள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் வருமானமே பார்ப்பதில்லை. மற்றவர்களுக்கு வருமான வரம்பு, உங்கள் அண்ணன் அதில் வரலாம். ஒரு பக்க விண்ணப்பம், ஆதார், வருமானச் சான்று, சம்மன் நகல், அவ்வளவுதான்.

இன்னொன்று. கையில் காசில்லாமல் வக்கீல் இல்லாமல் நின்றால் அரசு செலவில் வக்கீல் நியமிக்க வேண்டியது கோர்ட்டின் கடமை. முன்பு அது செஷன்ஸ் கோர்ட்டுக்கு மட்டும் என்றிருந்தது. புதிய சட்டத்தின் 341 "ஒரு நீதிமன்றத்தின் முன்" என்று பொதுவாகச் சொல்வதால் மாஜிஸ்திரேட் கோர்ட்டும் அதில் அடங்கும். வாயைத் திறந்து "வக்கீல் வைக்க வசதியில்லை" என்று சொன்னால் போதும்.

எங்கள் பக்கத்துப் பிரச்சினை வேறு, இதைப் படிக்கிற கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். இங்கே ஜாமீன்தாரரிடம் பட்டா கேட்டால் பாதிப் பேரிடம் இருக்காது. 1969 ஜென்ம நில உரிமை ஒழிப்புச் சட்டத்தோடு தொங்கிக்கொண்டிருக்கிற நிலம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி வந்து தலைமுறையாகத் தோட்டத்து லைனில் இருப்பவர்களுக்கு அந்த வீடே சொந்தமில்லை. ஒரு பணியர் பழங்குடிப் பையன், சின்ன அடிதடி, ஜாமீனில் விடக்கூடிய கேஸ்தான், ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்று உள்ளேயே கிடந்தான். ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் வசதியில்லாதவரைச் சொந்தப் பிணையில் விட்டாக வேண்டும். கைதாகி ஒரு வாரத்தில் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாவிட்டாலே வசதியில்லாதவர் என்று கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 478. அவன் அம்மாவுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. நாங்கள் மனு எழுதிக் கொடுத்தபின் வெளியே வந்தான். கோர்ட்டில் பேசுகிற தமிழ் அவனுக்குப் பாதிதான் புரிந்தது. புரியாத பாஷையில் சாட்சி சொன்னால் புரிகிற பாஷையில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பதும் உரிமைதான், இதுவரை ஒருத்தரும் கேட்டு நான் பார்க்கவில்லை.


பூம்பாறைப்பூண்டு:

கொடைக்கானல் மலையிலிருந்து. ஏறக்குறைய இதே கேஸ் எங்கள் சித்தப்பாவுக்கு, பூண்டு வயலுக்குத் தண்ணீர் திருப்பியதில் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் பேசி இரண்டு பேரும் கைகொடுத்தாகிவிட்டது. கோர்ட்டில் போய் சமாதானம் ஆகிவிட்டோம் என்றால் 323, 341 இரண்டும் அங்கேயே முடிந்தது. 294(பி) மட்டும் முடியாது என்றார்கள், அது சமாதானப் பிரிவுகளின் பட்டியலில் இல்லையாம். அதை ரத்து செய்ய ஹைகோர்ட் போக வேண்டும். எங்களுக்கு மதுரைக் கிளை. நீங்கள் நீலகிரி, சென்னைக்கே போக வேண்டியிருக்கும். ஒரு கெட்ட வார்த்தைக்கு அவ்வளவு தூரமா என்று சித்தப்பாவுக்கு ஒரே எரிச்சல். பழையகட்டு ஐயா, புதிய சட்டத்திலும் அப்படித்தானா?


பழையகட்டு:

அப்படியேதான். 115(2), 126(2) இரண்டையும் பாதிக்கப்பட்டவரே சமாதானம் செய்துகொள்ளலாம், கோர்ட் அனுமதிகூட வேண்டாம். 296க்கு அந்த வழி இல்லை. ஹைகோர்ட்டில் பி.என்.எஸ்.எஸ். 528ன்படி ரத்து மனு, இரண்டு தரப்பும் சமாதானம் என்று பிரமாணப் பத்திரம் போட்டால் பெரும்பாலும் ரத்தாகிவிடும். அதற்கும் அலைய முடியாதென்றால் இன்னொன்று நடக்கும். சமாதானமான புகார்தாரர் சாட்சிக் கூண்டில் ஏறி "கெட்ட வார்த்தை பேசினது ஞாபகம் இல்லை" என்பார், ஏ.பி.பி. (அரசு உதவி வக்கீல்) பிறழ்சாட்சி என்று அறிவிப்பார், கேஸ் போய்விடும். நடப்பதைச் சொன்னேன், சாட்சியை அப்படிச் சொல்ல வையுங்கள் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சமாதானத்தால் 115(2) முடிந்தால் அது விடுதலைக்குச் சமம். துபாய்க்காரர் கேட்டாலும் காட்டலாம். பக்கத்துத் தோட்டக்காரரோடு பேச ஆளிருந்தால் ஃபைனுக்கு முன் அதைப் பாருங்கள். உங்களிடமும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது, தையல் போட்ட சீட்டு இருக்கிறதே, அது பேச்சுக்கு உதவும். அந்தப் புகாரைத் தனிக் கேஸாக நடத்த வேண்டுமென்றால் எஸ்.பி.க்கு எழுதி, அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. அது வேறு கதை, வக்கீலிடம் கேளுங்கள்.


ஊட்டிடாக்ஸி:

எச்சரித்து விடுகிற விஷயம் எனக்குத் தெரியாது. நான் கட்டியது வண்டி கேஸ், இது அடிதடி என்பதும் சரிதான். ஆனால் வாய்தா அலைச்சல் நிஜம் ஐயா. நவம்பரில் ரோடு சரிந்தால் கோத்தகிரியிலிருந்து எப்படிப் போவான்? போகாவிட்டால் வாரண்ட் போடுவீர்களே.


பழையகட்டு:

நான் போட்டதில்லை, எழுதியிருக்கிறேன்! நியாயமான கேள்விதான். வர முடியாத நாளில் வக்கீல் 317 மனு போடுவார். இப்போது அதற்கு நம்பர் 355, ஆனால் கோர்ட்டில் 317 என்றே கேளுங்கள், எல்லாருக்கும் புரியும். அன்றைக்கு ஆஜராவதிலிருந்து விலக்கு. மண்சரிவு, காய்ச்சல், வீட்டில் சாவு, இப்படிக் காரணம் ஒன்று இருக்க வேண்டும். மண்சரிவென்றால் அன்றைய செய்தித்தாளையே இணைத்தவர்கள் உண்டு. வக்கீல் இல்லாமல் நடத்துகிறவனுக்கு அதைப் போட ஆளிருக்காது, வாரண்ட் விழுவது பெரும்பாலும் அவனுக்குத்தான். வாரண்ட் விழுந்துவிட்டால் ஒளியாமல் அடுத்த வேலை நாளே போய்த் திரும்பப் பெறும் மனு போட வேண்டும். மாதக்கணக்கில் தலைமறைவாக இருந்தால்தான் ரிமாண்ட் வரை போகும்.

அடுத்த வாய்தா என்றைக்கு என்று இ-கோர்ட்ஸ் செயலியில் பார்க்கலாம். அதற்கு வழக்கின் அடையாளமான 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணை முதல் நாளே என்னை மாதிரி ஒரு கிளார்க்கிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் கேளுங்கள், காலையில் கேட்டால் சீறுவோம்.


கொழுந்து_கோத்தகிரி:

ஐயா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. அண்ணனுக்கு இதை முழுசாகப் படித்துக் காட்டினேன். ஏ.ஆர். காப்பி என்றதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவர் ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார் என்று பார்க்காமல் ஒத்துக்க மாட்டேன்" என்கிறார். திங்கட்கிழமை வட்டக் குழுவில் விண்ணப்பம் கொடுக்கப் போகிறோம். பக்கத்துத் தோட்டக்காரரிடம் பேச மாமா ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார், ஆனால் அவர் முதலில் வேலியைப் பற்றித்தான் பேசுவார் போலிருக்கிறது. ஆஜராகும் நாளில் ஜாமீன்தாரர் யாரையாவது கூட்டிப் போக வேண்டுமா?


பழையகட்டு:

சம்மனில் வருகிறவரைச் சொந்தப் பிணையில் எழுதி வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். ஆனாலும் ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதும் உள்ள ஒரு ஆள் வெளியே டீக்கடையில் இருந்தால் நல்லது. அண்ணனின் ஆதார் நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, சம்மன், பத்து மணிக்குள் கோர்ட். பிக்கப்பை வளாகத்துக்குள் நிறுத்த வேண்டாம், அங்கேயும் ஒரு வழிமறிப்பு கேஸ் ஆகிவிடப் போகிறது.